ஆமா இல்லை சபை

முருங்கைக்கீரை ஆய மனசு வேண்டாம், கை இருந்தால் போதும் என்றுதான் எப்சிபா நினைத்திருந்தாள். அது எவ்வளவு தப்பு என்று அரைக் கட்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டது. இலையைத் தரையில் உதறிவிட்டுக் காம்பைச் சுளகில் சேர்த்துக்கொண்டிருந்தாள். மணி பத்து. பதினோரு மணிக்குத் திலகவதி டீச்சர் வருவார். டீச்சர் என்று கூப்பிடுவது வாய்ப்பழக்கம், அவர் எந்த வகுப்பிலும் நிற்பதில்லை, பள்ளிக்கூடம் போகாமல் இருக்கும் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவது அவருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை. பாளையங்கோட்டையில் இந்தக் காம்பவுண்டின் கடைசி வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஐந்து வருஷமாக வீட்டிலேயே படிக்கிறாள் என்று யார் போய் அவர் காதில் ஓதினார்களோ, மூன்று தடவை வந்துவிட்டார். மூன்றாம் தடவை, போன செவ்வாய்க்கிழமை, ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார், "எனக்கு உங்ககிட்ட கேக்க இனி ஒண்ணுமில்லம்மா. திங்கக்கிழம வாரேன். பிள்ளகிட்ட ஒரே ஒரு கேள்வி. பள்ளிக்கூடம் போக உனக்கு இஷ்டமான்னு. இல்லன்னு சொன்னா, வீட்டுல படிக்கா, பிள்ளைக்கும் அதுதான் விருப்பம்னு எழுதி மேல அனுப்பிருவேன், அப்புறம் இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டா மறுநாளே சேத்துருவேன். அதுல நீங்களும் தடுக்க முடியாது, நானும் தடுக்க முடியாது." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மகள் கெத்சியாள் என்ன சொல்லுவாள் என்று எப்சிபாவுக்குத் தெரியும். கெத்சியாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாதபடி வளர்த்தவள் எப்சிபாதான்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் இந்த ஆறு நாளில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருப்பாள். ஏட்டி, டீச்சர் கேட்டா இல்லன்னு சொல்லு. ஐந்தே சொல். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பின்னலை இறுக்கிக்கொண்டே முழுங்கினாள். நேற்று ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது மறுபடி வந்தது. சொல்லிக் கொடுத்து என்ன மிஞ்சும்? சொல்லிக் கொடுத்ததால்தானே நிறுத்தினோம். கெத்சியாள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் பை குலுங்க ஓடிவந்தாள், கையில் புது பென்சில், டீச்சர் பரிசு கொடுத்தார்களாம், எதற்கு என்றால் இருப்பதிலேயே சத்தமாகச் சொன்னதற்கு. என்ன சொன்ன? பார்வையிட ஆள் வந்தாவளாம், வருவதற்கு முந்தி மூன்று நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாடமாம். தினமும் முட்டை போடுதாங்களா? ஆமா சார். கக்கூஸ்ல தண்ணி வருதா? ஆமா சார். தண்ணி வருதாட்டி, என்று எப்சிபா கேட்டாள். இல்லம்மா, ஆனா ஆமான்னு சொல்லணும்மா, என்று பிள்ளை சிரித்தது. பல் விழுந்த சிரிப்பு. காலையில் கை நீட்டி உறுதிமொழி சொல்லவைக்கிறார்கள், சத்தியம் செய்வது நம் சபைக்கு ஆகாது என்று அதற்கு முன்பே இரண்டு தடவை போய் மன்றாடியிருந்தாள், அதைக்கூடப் பொறுத்திருப்பாள். இந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. மறுநாள் முதல் அனுப்பவில்லை. பென்சிலையும் திருப்பிக் கொடுத்தாள், கொடுக்கப் போன இடத்தில் என்ன காரணம் என்று கேட்டார்கள், சொன்னாள், கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊரில் அவர்களுக்குப் பெயரே ஆமா இல்லை சபை. சபைக்கு வேறு நல்ல பெயர் இருந்தது, அதை யாரும் சொன்னதில்லை. ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை, அதற்கு மேலே ஒரு சொல் கூடினாலும் அது பிசாசின் கணக்கு என்று ஈசாக்கு பிரதர் போதித்தார். நாற்பது பேர் கூடினார்கள், முருகன்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், தகரக் கூரையின் கீழ். மூச்சு முட்டும், ஆனால் அங்கே உட்கார்ந்தால் எப்சிபாவுக்கு நெஞ்சு விரியும், ஏனென்றால் இங்கே ஒருத்தரும் நம்மை ஏமாற்ற மாட்டார்கள். கடைசியில் சபை உடைந்தது எதனால் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொகமா இருக்கியளா என்று ஒருத்தர் கேட்கிறார், நமக்குத் தலைவலி, சொகமா இருக்கேன் என்று சொல்லலாமா? சொல்லலாம், அது வெறும் மரியாதை என்று ஒரு கட்சி. சொல்லவே கூடாது, இல்லை என்றுதான் சொல்லணும் என்று இன்னொரு கட்சி. ஏழு ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சு. எட்டாவது ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் கல்யாணம், மாற்றல், சாவு என்று கரைந்தார்கள். ஈசாக்கு பிரதரே மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார், பேரப்பிள்ளைகள் அங்கே டை கட்டிக்கொண்டு மெட்ரிக் பள்ளிக்கூடம் போகிறார்களாம், போட்டோவை யாரோ போனில் காட்டினார்கள், எப்சிபா பார்த்துவிட்டு, பிள்ளைக நல்லா உசரமா இருக்கு என்றாள். அது உண்மைதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை இந்த அறையில் இரண்டு பேர், பாட்டை ஆரம்பிப்பதும் எப்சிபா, முடிப்பதும் எப்சிபா, நடுவில் கெத்சியாளின் குரல் சன்னமாக வந்து சேர்ந்துகொள்ளும். அவளும் வாய் திறக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். இலை கையிலேயே கசங்கிப் பச்சை வாடை அடித்தது.

கொஞ்ச காலம் முன்பு வரைக்கும் மூன்று என்று சொல்லியிருப்பாள், புருஷன் ஜெபதுரையைச் சேர்த்து. அவளைச் சபைக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் கண்டக்டரைத் தேடிப் போய், தம்பி, நீங்க டவுன்லதான் ஏறுனியளான்னு கேட்டப்போ நான் தலையாட்டிட்டேன், நான் ஏறுனது ஜங்ஷன்ல, என்று சொன்ன மனுஷன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எப்சிபாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அதே நேரம் இவர்கூட எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றும் தோன்றியது. போனவர் அவர்தான், சார்ஜாவுக்கு, ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை போனில் இருமல் விட்டு விட்டு வந்தது, எப்படி இருக்கிய என்று கேட்டாள், நல்லா இருக்கேன் எப்சி என்றார், சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமினார். அவ்வளவுதான். அன்றைக்கே அவர் சபையை விட்டுப் போய்விட்டார் என்று அவளுக்குப் புரிந்தது, அவர் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வாரம் டீச்சர் சொன்னதை அவரிடம் போனில் சொன்னாள். "சேத்து விட்ருளா. எல்லார் கூடயும் சண்ட போட எனக்குத் தெம்பில்ல," என்றார். நான் யார்கூடச் சண்டை போட்டேன்? அடுத்த வீட்டு ராஜம்மாள் குழம்பு கொடுத்து நல்லா இருக்கா என்று கேட்டால், உப்பு கூட என்று சொன்னது சண்டையா? அதிலிருந்து ராஜம்மாள் குழம்பும் கொடுப்பதில்லை, கேட்பதும் இல்லை.

அக்கறையின்மை. இதோ, கீரையோடு கீரையாக அந்தச் சொல்லும் வந்துவிட்டது. எந்த நினைப்பில் தொடங்கினாலும் கடைசியில் இதில்தான் வந்து முட்டிக்கொள்கிறது. டீச்சர் முதல் தடவை வந்தபோது ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு காரணங்களை வாசித்தார். வேலைக்குப் போகுதா? இல்ல. ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவங்களா? இல்ல. உடல் குறைபாடு? இல்ல. பெற்றோர் அக்கறையின்மை? வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏழாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ராத்தூக்கம் கெட்டு முதலில் தான் படித்தவள் அவள், பின்னத்தைப் புரியவைக்கத் தோசையை எட்டாகக் கீறியவள் அவள். நான் கர்த்தருக்குப் பயந்துதான் வீட்டுல வச்சிருக்கேன், அதுக்கு என்ன கட்டம் இருக்கு, என்று கேட்டாள். டீச்சர் படிவத்தை மேலும் கீழும் தேடினார், பாவம், நிஜமாகவே தேடினார். கடைசியில் மற்றவை என்ற கட்டத்தில் டிக் போட்டார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரை மற்றவையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கோபம் வந்தது, ஆனால் அந்த மனுஷியைக் கோபிக்கவும் முடியவில்லை. இரண்டாம் தடவை வந்தபோது கெத்சியாளின் நோட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு, "எம் பயலுக்கு இந்தக் கையெழுத்து ஏழு சென்மத்துக்கும் வராது," என்றார். அப்படியானா விட்ருங்களேன் டீச்சர், பிள்ள கர்த்தர் எனக்குக் குடுத்தது, என்றாள் இவள். "யார் குடுத்தாலும் பதினாலு வயசு வரைக்கும் நான் வந்து கேக்கணும்மா. நீங்க நல்லாச் சொல்லிக் குடுக்கிய, உங்களுக்காக நான் கண்ண மூடிருவேன். அடுத்த தெருவுல ஒருத்தன் பத்து வயசுப் பிள்ளைய பீடி சுத்த வச்சிருக்கான். அவனும் எம் பிள்ளன்னுதான் சொல்லுதான். அவனுக்கும் கண்ண மூடட்டுமா?" அதற்கு எப்சிபாவிடம் பதில் இல்லை, இன்றைக்கு வரைக்கும் இல்லை. இல்லை என்றால் இல்லைதான், அதை அன்றைக்கே டீச்சரிடம் சொல்லியும்விட்டாள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. உள்ளே நோட்டு மூடும் சத்தம், இன்னொரு நோட்டு திறக்கும் சத்தம். எப்சிபா காதைக் கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தாள், காது போய்விட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் கவனித்தாள். அந்த மணி அடித்தால் கெத்சியாள் கணக்கை மூடிவிட்டு அறிவியலை எடுப்பாள், மறுபடி அடித்தால் தமிழ். பாதிக் கணக்கில் இருந்தாலும் மூடிவிடுவாள். இடைவேளை மணிக்கு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, காம்பவுண்டு கேட் வரைக்கும் நடந்து திரும்பி வருவாள். கூட யாரும் இல்லாமல், யாரோ கூட நடக்க இடம் விட்டவள் மாதிரி ஓரமாகவே நடப்பாள். அது தற்செயல் என்று எப்சிபா தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள், நம்ப முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் மரப்பீரோவைத் திறந்து சேலை எடுக்கும்போது கதவின் உள்பக்கம் சாக்பீஸ் எழுத்து தெரிந்தது, கரும்பலகையில் ஓரமாக எழுதுவார்களே அதே மாதிரி. வகுப்பு 7. பதிவு 1. வருகை 1. அழிக்கலாமா என்று முந்தானையைக் கையில் எடுத்தவள் அப்படியே கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட, உனக்குப் போகணும்னு இருக்கா என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளே, அந்தப் பயம்தான். கேட்காமல் இருப்பதும் ஒரு பொய்தானோ? ஈசாக்கு பிரதர் இதைப் பற்றி ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இன்று காலையில் மேஜையைத் துடைத்துப் புத்தகங்களை அடுக்கும்போது, மூன்று வாரமாகத் தொடாத சமூக அறிவியல் நோட்டை, அட்டை புதிதாக இருக்கிறது என்று, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள் மனசு கேட்காமல் திரும்பிப் போய் அதைப் பழையபடி அடியில் வைத்தாள்.

எத்தனை பேர் சொன்னாலும் எதற்காக இந்தப் பிடிவாதம் என்றால், அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது நடந்தது ஒன்று இருக்கிறது. அம்மாவை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா எப்போ வருவா? நாளைக்கு வந்திருவா, என்றாள் சித்தி. தலைவாரிக்கொண்டே சொன்னாள், கண்ணை அகல விழித்து, உதட்டை மட்டும் இழுத்துச் சிரித்துக்கொண்டு. மறுநாளும் அதே சிரிப்பு, அதே நாளைக்கு. அப்பா சொன்னார், மாமா சொன்னார், ஆலயத்துப் பாஸ்டர் ஐயர்கூடச் சொன்னார். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டோவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் எப்சிபா, பதினாறு நாள், பதினேழாவது நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று விளையாட்டில் கோபம் வந்து, உங்க அம்மதான் செத்துப்போயிட்டாளே, என்றது. அந்தப் பிள்ளையை எல்லாரும் அடித்தார்கள். எப்சிபாவுக்கு அது ஒன்றுதான் தன்னிடம் நியாயமாக நடந்துகொண்டதாகத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. பாசத்தால் சொன்னார்கள், தெரியும். பாசத்தால் அவளை வாசலில் பதினாறு நாள் தனியாக உட்காரவைத்தார்கள். எம் பிள்ளைக்கு அது வேண்டாம், என்னிடமிருந்தும் வேண்டாம், யாரிடமிருந்தும் வேண்டாம் என்றுதான் இந்த வீட்டைச் சுற்றி இத்தனை வேலி. இப்போது ஆமா என்று அவள் சொல்லப்போகிறாள், அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நாளைக்கு இந்த நேரத்துக்கு மணி அடிக்கும், உள்ளே எந்த நோட்டும் மூடாது. வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

திலகவதி டீச்சர் வியர்த்து விறுவிறுத்து வந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கெத்சியாள் எதிரே வந்து நின்றாள், எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், கையில் அறிவியல் நோட்டு. "நீங்களும் இங்கயே இருங்கம்மா, ஒளிச்சுப் பேச ஒண்ணுமில்ல," என்ற டீச்சர், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், "சொல்லு கெத்சியா. பள்ளிக்கூடம் போக உனக்கு இஷ்டமா?" பிள்ளை அம்மாவைப் பார்த்தது. சுளகில் காம்பும் இலையுமாகக் கலந்து கிடந்ததைப் பார்த்தது. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "இல்ல," என்றது. "வீட்டுலயே படிக்கேன் டீச்சர். இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு." எப்சிபாவுக்கு நெஞ்சு முழுக்கக் குளிர்ந்துபோனது, ஆறு நாளாக இறங்காத மூச்சு இறங்கியது, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வாய் தானாகவே முணுமுணுத்தது. டீச்சருக்கும் ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும், "நல்லதாப் போச்சு," என்று எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் எப்சிபா மகளின் முகத்தைப் பார்த்தாள். கண் அகல விழித்திருந்தது. உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பென்சில் கொடுக்கவில்லை, பிள்ளை தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது, இந்த வீட்டிலேயே, இந்த வேலிக்குள்ளேயே. "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, முடிஞ்சிட்டு," என்று டீச்சர் பேனாவை நீட்டினார். எப்சிபா வாங்கினாள். ஒரு கையெழுத்து. கெத்சியாள் வீட்டில் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை பாட்டில் கூட வந்து சேர்ந்துகொள்வாள், மணி அடித்தால் நோட்டு மூடும் சத்தம் கேட்கும், தினமும் அந்தச் சிரிப்பும் இருக்கும். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "அவ பொய் சொல்லுதா டீச்சர். ஆமான்னு எழுதிக்கிடுங்க."

"அம்மா!" என்றாள் கெத்சியாள். டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா இது, நீங்க கேட்டதுதானே நடந்துருக்கு?" "எனக்காகச் சொல்லுதா. உள்ள போய் அந்தப் பீரோவத் திறந்து கதவப் பாருங்க." டீச்சர் போனார், பீரோ கதவு கிரீச்சிட்டது. எப்சிபா மகளின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருஷம் வளர்த்த பிள்ளையிடம் கேட்க இவ்வளவு சின்னக் கேள்வி. "ஏட்டி. போகணுமா?" பிள்ளை அழுதது. அறிவியல் நோட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தோள் குலுங்க, கேட்டும் கேட்காத குரலில், "ஆமா," என்றது.

டீச்சர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நாளைக்கு ஒன்பது மணிக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னார். உறுதிமொழி விஷயத்தை எப்சிபா கேட்டதற்கு, "நான் பேசிப் பாக்கேன், நடக்கும்னு சொல்ல மாட்டேன்," என்றார், அந்தப் பதில் எப்சிபாவுக்குப் பிடித்திருந்தது. கேட் வரைக்கும் கூடப் போனாள். டீச்சர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். போகிறவர் பேச்சுக்கு ஏதாவது கேட்டுவிட்டுத்தானே போக வேண்டும், எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"வாரேம்மா. நீங்க நல்லா இருக்கியள்லா?"

"இல்ல," என்றாள் எப்சிபா.